மமதா அழாத நாள்

லிங்கராஜபுரம்
ஜூன் 6, 2023

அன்புள்ள மித்ரா,

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று யாராவது சொன்னால் போதும் என்றிருக்கிறேன். சொல்ல ஆளில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். இல்லத்து ஆபீஸ் கிளெமென்ட் போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் நீ எடுக்கவில்லை. கடைசியில் உன் அண்ணன் தினேஷைப் பிடித்து இந்த விலாசத்தை வாங்கினேன். அவரும் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

உன் துணிமணிகள், மாத்திரைகள், கைக்குப் போடும் இறுக்க உறை எல்லாவற்றையும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். உறையைப் போடாமல் விட்டால் மணிக்கட்டு வீங்கும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

கச்சேரி அன்று என்ன நடந்தது, எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நம் இல்லத்துக்காக நான் நடத்துகிற கச்சேரி அது. பாடி முடித்து உன்னை மேடைக்குக் கூப்பிட்டேன், நீயும் வந்தாய். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், பாதிப் பேர் அழுதார்கள். அபினவ் சாருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுத் திரும்பினால் நீ இல்லை. உன் செருப்பு மட்டும் மேடைப் படிக்குக் கீழே கிடந்தது. வெறுங்காலோடு ஹெப்பகோடி வரைக்கும் எப்படிப் போனாய்?

கம்பெனி ஆபீஸிலிருந்து போன் வந்து, விபத்து நடந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்குப் பிறகு ஆறு மாதம் இந்த வீட்டில் என் அறைக்கு அடுத்த அறையில் இருந்தாய். கம்பெனிகளில் அடிபட்டு வந்த எத்தனையோ பெண்களை இந்த வீடு பார்த்திருக்கிறது. இப்படி ஒரு வார்த்தை சொல்லாமல் யாரும் போனதில்லை. ரோஸி தினமும் உன் கட்டிலைத் தட்டிப் போடுகிறாள்.

கோபம் என்றால் திட்டியாவது எழுது.

மமதா அம்மா


ஹெப்பகோடி
19.6.2023

மேடம்,

பார்சல் வந்தது. உறையைப் போட்டுக்கொண்டேன்.

இடது கையால் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழக வேண்டும் என்று தெரபி சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய பக்கம் உங்களுக்கு. போனில் பேசினால் நீங்கள் பாட்டுப் பாடுகிற மாதிரி பேசுவீர்கள், நான் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் பிளாக் செய்தேன்.

என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். மேடையில் என் சுடிதார் கையை மடித்துவிட்டு, வெட்டுப்பட்ட இடத்தைத் தூக்கிக் காட்டினீர்கள். என்னைக் கேட்கவில்லை. அந்த இடத்தை எங்கள் அண்ணிக்குக்கூட நான் காட்டியதில்லை. முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நீங்கள் மைக்கில் "இவள் நம் எல்லோருடைய மகள்" என்று சொன்னீர்கள். மகளின் கையை யாராவது அப்படித் தூக்குவார்களா?

அப்புறம் அந்தப் பொன்னாடை. அபினவ் சார் யார்? பொம்மசந்திராவில் என் கை போன கம்பெனியின் முதலாளி மகன். டிபன் பாக்ஸ் மூடி அடிக்கிற பிரஸ் மிஷின் அவர் ஷெட்டில்தான் நிற்கிறது. நஷ்டஈடு கேட்டு நான் போட்ட வழக்குக்கு அவர்கள் வக்கீல் பதில் கொடுத்திருக்கிறார். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்ஸார் தடுப்பை நானே வேண்டுமென்று கழற்றிவிட்டு வேலை செய்தேனாம். என் கையை நானே வெட்டிக்கொண்டேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்த ஆளுக்கு நீங்கள் பொன்னாடை போடுகிறீர்கள். பக்கத்தில் நின்று நான் சிரிக்க வேண்டுமா?

பக்கம் முடிந்துவிட்டது.

சங்கமித்ரா


லிங்கராஜபுரம்
ஜூன் 30, 2023

அன்புள்ள மித்ரா,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் ஷூட்டிங் போய் வந்தேன். மேக்கப் போடுகிற பையன் "ஏன் மேடம், முகமே சரியில்லையே" என்று கேட்டான்.

கையைத் தூக்கியது தப்பு. மேடையில் நின்றுவிட்டால் ஜனம் எதற்கு அழும் என்று எனக்குத் தெரிந்துவிடும். புத்தி யோசிப்பதற்குள் கை அங்கே போய்விடும். மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன், மன்னித்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை.

அபினவ் சார் யார் என்று எனக்குத் தெரியும். அவர் அப்பா காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு அரிசியும் மருந்தும் அவர்களிடமிருந்துதான் வருகின்றன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்ற எட்டுப் பெண்களையும் நான் எங்கே அனுப்புவேன்? சீரியல் நடிகையின் சம்பளத்தில் ஒரு வீடு நடத்தலாம், ஒரு ஆஸ்பத்திரி நடத்த முடியாது.

"நீங்க நடிகை, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று நீ ஒருநாள் கேட்டாய். சிரித்து மழுப்பினேன். இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் பிறந்தது இதே வீட்டில்தான். அப்பா மதலைமுத்து டெலிபோன் கம்பெனியில் பிட்டர். எனக்கு மாதா கோயிலில் வைத்த பெயர் அல்போன்சா. பூசையில் பாடினேன், அப்புறம் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் பாடினேன், அங்கிருந்து நாடகத்துக்கு இழுத்துப் போனார்கள். முதல் கன்னடப் படத்தில் தயாரிப்பாளர் "அல்போன்சாவா, மாம்பழ மண்டி பேர் மாதிரி இருக்கு" என்று சொல்லி மமதா என்று மாற்றினார். ஒரு தாலாட்டுப் பாடினேன். அது ஊரெல்லாம் ஓடியது. அதைப் பாடிய எனக்குக் குழந்தை இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்த டிரேவரைக் கட்டிக்கொண்டேன். அவர் ஆஸ்திரேலியா போனார், நான் போகவில்லை. வயது ஏறியதும் சீரியல்களில் நோயாளி அம்மா வேஷம் வந்தது. சாவதில் எனக்கு நல்ல பெயர். ஒரே டேக்கில் செத்துவிடுவேன்.

ஒருநாள் காலையில் கேட்டில் ஒரு பெண் நின்றாள். கே.ஆர்.புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள், கையில் ஸ்கேன் கவர். "அம்மா, சீரியல்ல உங்களுக்கு ரத்தப் புற்றுநோயக் குணப்படுத்தினாரே, அந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்று கேட்டாள். அந்த டாக்டராக நடித்தவர் ஜெயநகரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அது வெறும் நடிப்பும்மா என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "பணக்காரங்களுக்கு மட்டும்தான் சொல்வீங்களா?" என்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை. முன் அறையில் படுத்தாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அங்கேயே இறந்துபோனாள்.

கேமரா முன்னால் எத்தனையோ தடவை செத்தவள் நான், ஒருவர் சாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் நடித்தது எதுவும் அப்படி இல்லை. அவள் வாய் திறந்தே இருந்தது. கடைசி வசனம் எதுவும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன், பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். காதில் விழுந்ததா என்று தெரியாது.

அவள் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்தவள். அவளைப் பார்க்க வந்த தோழிகள் அடுத்தவளைக் கூட்டி வந்தார்கள். அவள் வழியாக இன்னொருத்தி. இந்த வீடு இப்படித்தான் இல்லம் ஆனது. நான் திட்டம் போட்டு எதையும் ஆரம்பிக்கவில்லை.

மமதா அம்மா


ஹெப்பகோடி
24.7.2023

மேடம்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெண்ணின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மறந்துவிட்டதா?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் வக்கீல் ஜானகி மேடம் கேட்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அன்று சாயங்காலம் எங்கள் சூப்பர்வைசர் கோவிந்தப்பா வந்தார். உங்களைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உங்கள் சீரியலைத் தன் வீட்டில் தினமும் பார்ப்பதாகச் சொன்னார். நான் தூங்குகிறேன் என்று இரண்டு பேரும் நினைத்தீர்கள். கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான்.

அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஏனு மாடோது மேடம், என்ன செய்யறது, நம்ம கையில என்ன இருக்கு. அந்த சென்ஸார் வயரை மூணு வாரம் முன்னாடியே மேல இருந்து சொல்லிக் கழட்டிட்டாங்க. அது இருந்தா மிஷின் நின்னு நின்னு போகும், டார்கெட் வராது. இந்தப் பொண்ணு புதுசு, பாவம், அதுக்குத் தெரியாது."

நீங்கள் "ஐயோ கடவுளே" என்றீர்கள். அப்புறம் அவர் உங்களோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இப்போது அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று கோவிந்தப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டது நீங்களும் நானும்தான். நான் சொன்னால் செல்லாது, வழக்குப் போட்டவள். நீங்கள் கேட்டதை அப்படியே கோர்ட்டில் வந்து சொன்னால் போதும்.

வருவீர்களா?

சங்கமித்ரா


லிங்கராஜபுரம்
ஆகஸ்ட் 20, 2023

அன்புள்ள மித்ரா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மைசூரில் தொடர்ந்து ஷூட்டிங், திரும்பி வந்ததும் தொண்டைக் கட்டு. இதெல்லாம் சாக்கு என்று நீ நினைப்பாய். பாதி சாக்குதான்.

கோவிந்தப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறது. நீ எழுதிய அதே வார்த்தைகள். இல்லை என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கோர்ட்டுக்கு வா என்கிறாய். கிளெமென்ட்டைக் கேட்டேன். அவர் எனக்குக் கீபோர்டு வாசித்தவர் மட்டும் இல்லை, இந்த இல்லத்தின் நிர்வாகத்தை இருபது வருஷமாகப் பார்ப்பவர். "நீங்க போய்க் கூண்டுல ஏறுங்க, நான் இங்க கேட்டைப் பூட்டிட்டுச் சாவியை அனுப்பறேன்" என்றார். கோபமாகச் சொன்னாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. அபினவ் சார் மறுநாளே நிறுத்திவிடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்துவார்கள். ரோஸியின் காலுக்கு இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. சாயப் பட்டறையில் வெந்துபோன சாவித்திரியை அவள் புருஷன் வீட்டுக்குள் விட மாட்டான். ஆஞ்சலாவின் நுரையீரலுக்கு ராத்திரி பகல் ஆக்ஸிஜன் வேண்டும். எட்டுப் பேரா, நீ ஒருத்தியா என்று என்னை நிறுத்துப் பார்க்க வைக்காதே.

வேறு என்ன வேண்டுமானாலும் கேள். பாட்டரியில் விரல் அசைகிற செயற்கைக் கை ஒன்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தர ஒருவர் தயாராக இருக்கிறார். இல்லத்தில் வார்டன் வேலை உனக்கு எப்போதும் உண்டு. வக்கீலுக்கு ஆகிற செலவையும் நான் பார்த்துக்கொள்கிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம்.

கே.ஆர்.புரத்துப் பெண்ணின் பெயர் அன்னா. மறக்கவில்லை. எழுதக் கை வராமல் விட்டுவிட்டேன்.

மமதா அம்மா


ஹெப்பகோடி
9.9.2023

மேடம்,

எட்டும் ஒன்றும் எனக்கும் தெரியும். ஜானகி மேடத்திடம் உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

தினேஷ் அண்ணனும் அதே கம்பெனியில் குடோனில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து "சும்னிரு மித்ரா, பேசாம இரு. போன கை திரும்பி வரப் போவுதா? எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க" என்றார். அண்ணி தட்டைச் சத்தமாக வைத்தார். நான் பக்கத்துத் தெருவில் மூன்று பெண்களோடு ஒரு அறைக்கு மாறிவிட்டேன். ஆஸ்பத்திரித் தாள் ஏதாவது வந்தால் அனுப்ப, விலாசம் கீழே இருக்கிறது. இனி நீங்கள் கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பிரஸ்ஸில் புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். பெயர் வெண்ணிலா, அரூர்ப் பக்கம். பத்தொன்பது வயது இருக்கலாம். ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டில் நின்று அவளைப் பிடித்தேன்.

"சென்ஸார் வேலை செய்யுதான்னு பாத்தியா?"

"அதெல்லாம் கேட்டா வேற ஆளு எடுத்துக்குவாங்க அக்கா."

"என் கையப் பாரு."

பார்த்தாள். அவளுக்கு மட்டும் நானே காட்டினேன்.

"செக்யூரிட்டி பாக்கறாரு, நீங்க போங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

பாட்டரிக் கையை வேறு யாருக்காவது கொடுங்கள். வார்டன் வேலை வேண்டாம்.

சங்கமித்ரா


லிங்கராஜபுரம்
டிசம்பர் 4, 2023

மித்ரா,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இதை மட்டும் படித்துவிடு.

போன வியாழக்கிழமை கம்பெனி வண்டி ஒன்று நம் கேட்டில் வந்து நின்றது. கம்பெனி ஆபீஸில் வேலை செய்கிற பெண் இறங்கினாள், நல்ல காட்டன் புடவை, கையில் பழக்கூடை. பின்னால் கட்டுப் போட்ட கையோடு ஒரு சின்னப் பெண். கட்டைவிரலைத் தவிர மற்ற நாலும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள்.

"ஆஸ் யூஷுவல் உங்ககிட்டயே விடறோம் மேடம். உங்க கேர் மாதிரி வேற எங்கயும் வராது" என்றாள் அந்த ஆபீஸ் பெண், சிரித்துக்கொண்டே.

பழக்கூடையை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ளத்தான் என் கைக்குப் பழக்கம். வண்டி போன பிறகுதான் அந்த ஆஸ் யூஷுவல் எனக்குள் இறங்கியது. அவர்கள் ஷெட்டில் மிஷின் ஒரு அறை, குடோன் ஒரு அறை, மூன்றாவது அறை லிங்கராஜபுரத்தில் என் வீடு. அடிபட்டவளை இங்கே கொண்டு வந்து விட்டால் அவள் வெளியே எங்கும் போய்ப் பேச மாட்டாள், நன்றியோடு இருப்பாள், மேடையில் ஏறி நிற்பாள். உன்னையும் அப்படித்தான் கொண்டு வந்து விட்டார்கள். நானும் பாட்டுப் பாடி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் காய்ச்சலில் உளறினாள். "கேட்ல ஒரு அக்கா நின்னு சொன்னாங்கம்மா. நான்தான் கேக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெயர் கேட்டேன். வெண்ணிலா.

என்னைப் பாடச் சொன்னாள். எனக்கு வரவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, நான் சாட்சி சொல்லப் போகிறேன், இந்த வீடு நிற்குமா என்று தெரியாது என்று சொன்னேன். ரோஸி "போய்ட்டு வாங்கம்மா" என்றாள். சாவித்திரி எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து துணியை அடுக்க ஆரம்பித்தாள். ஆஞ்சலா மாஸ்க்கை விலக்கி "எங்கள எங்க விடுவீங்க?" என்று கேட்டாள். கிளெமென்ட் தன் கீபோர்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜானகி மேடத்தோடு பேசிவிட்டேன். என் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்.

அல்போன்சா


ஹெப்பகோடி
17.2.2024

மேடம்,

அன்று கோர்ட்டு வாசலில் நான் வந்து உங்களிடம் பேசியிருக்க வேண்டும். நீங்கள் சுற்றிப் பார்த்தீர்கள், எனக்குத் தெரியும். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். காலையில் தினேஷ் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "உன் ஒரு கைக்காக என் ரெண்டு கையும் போச்சு" என்றார். போனை வைக்க முடியவில்லை.

உள்ளே நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. கூண்டில் நிற்கிறவருக்குத் தன் முகம் தெரியாது. நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

கம்பெனி வக்கீல் எழுந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "மேடம், நீங்க எத்தனை சீரியல்ல கோர்ட் சீன் பண்ணிருக்கீங்க?" என்று ஆரம்பித்தார். பின்னால் சிலர் சிரித்தார்கள். ஞாபகம் இல்லை என்றீர்கள். "அழறதுக்கு உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? கிளிசரின் வேணுமா?" என்று கேட்டார். ஜானகி மேடம் எழுந்து ஆட்சேபம் சொன்னார். நீங்கள் அவரை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, "கிளிசரின் இல்லாமயே அழுவேன் சார். அதனால கோவிந்தப்பா சொன்னது மாறாது" என்றீர்கள்.

கோவிந்தப்பா இரண்டாவது வரிசையில் இருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

கம்பெனி உங்கள் இல்லத்துக்கு என்னென்ன செய்தது என்று வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆமாம், ஆமாம் என்று எல்லாவற்றுக்கும் சொன்னீர்கள். "இவ்வளவு வாங்கிட்டு இப்ப அவங்க மேலயே சொல்றீங்களா?" என்றார். "வாங்கினதாலதான் சார் இத்தனை நாள் சொல்லல" என்றீர்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

எல்லா சீரியலிலும் அழுகிறவர் நீங்கள். என் அறைக்கு வரும்போதெல்லாம் அழுவீர்கள், எனக்கு எரிச்சலாக இருக்கும். அன்று முழுக்க ஒரு தடவைகூட அழவில்லை. பஸ் ஸ்டாண்டில் ரூட் நம்பர் வாசிக்கிற மாதிரி சொன்னீர்கள். உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை.

வெண்ணிலாவுக்குப் புண் ஆறிவிட்டதா?

சங்கமித்ரா


லிங்கராஜபுரம்
மே 26, 2024

அன்புள்ள மித்ரா,

இல்லம் மூடியாகிவிட்டது. போர்டை இறக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள்.

அரிசியும் மருந்தும் சாட்சி சொன்ன வாரத்திலேயே நின்றன. ஈஸ்டர் வரை என் நகைகளை அடகு வைத்து ஓட்டினேன். ஐந்து பேர் அவரவர் ஊருக்குப் போனார்கள். ரோஸி கோலாரில் அக்கா வீட்டுக்குப் போனாள், ஆபரேஷன் ஆகவில்லை. சாவித்திரி சிவாஜிநகரில் பூ கட்டி விற்கிறாள், முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு. ஒருநாள் போய்ப் பார்த்தேன். என்னைத் தெரியாதவள் போல "எத்தனை முழம் வேணும்?" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆஞ்சலா இறந்துவிட்டாள். அவளைச் சேர்த்துக்கொள்ள வேறு ஒரு இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருந்தேன், கிடைக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே கரண்ட் போய் வருகிற வீடு. ஆக்ஸிஜன் மிஷின் நின்ற நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. அடக்கத்தில் நான்தான் பாடினேன். அவள் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாட்சி சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆஞ்சலாவை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை ஆற்ற முடியவில்லை. கோயிலில் புதுச் சாமியார் "நல்லதுதான் செஞ்சீங்க" என்கிறார். அவர் ஆஞ்சலாவைப் பார்த்ததில்லை.

சீரியலில் என்னைக் கொன்றுவிட்டார்கள். இந்தத் தடவை சாகிற காட்சிகூட எடுக்கவில்லை, சுவரில் ஒரு போட்டோவுக்கு மாலை போட்டு முடித்துவிட்டார்கள். அடுத்த சீரியலுக்கு யாரும் கூப்பிடவில்லை. மேடைக் கச்சேரியும் இல்லை. எங்கள் மாதா கோயில் பங்கில் சாவு விழுந்தால் பாடக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். மமதா பாட வந்திருக்கிறாள் என்று வாசலில் சிலர் எட்டிப் பார்ப்பார்கள். சவப்பெட்டியை மூடுகிற நேரத்தில் அவர்களும் மறந்துவிடுவார்கள். அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

வெண்ணிலா மட்டும் என்னோடு இருக்கிறாள். ஊருக்குப் போக மாட்டேன் என்கிறாள், கல்யாணப் பேச்சு நின்றுபோனதாம். புண் ஆறி ஆறிப் பழுக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிக் கூட்டிப் போகிறேன். என் முட்டி ஒத்துழைப்பதில்லை. இதை உன்னிடம் எதையும் எதிர்பார்த்து எழுதவில்லை. நீ அவளைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதனால் சொன்னேன்.

தினேஷுக்கு வேலை கிடைத்ததா? என்னால் அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற நினைப்பும் எனக்கு உண்டு.

அல்போன்சா


ஹெப்பகோடி
14.9.2024

அல்போன்சா மேடம்,

தீர்ப்பு வந்துவிட்டது. பேப்பரில் பார்ப்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று உடனே எழுதுகிறேன்.

வழக்கைத் தள்ளிவிட்டார்கள். தடுப்பைக் கழற்றியது கம்பெனிதான் என்று நாங்கள் நிரூபிக்கவில்லையாம். உங்கள் சாட்சியத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. சாட்சி தொழில்முறை நடிகை, உணர்ச்சியைத் தூண்டும்படி பேசுவது அவர் தொழில், மனுதாரரை மகள் போல நினைப்பவர், ஆகவே அதற்கு எடை கொடுப்பதற்கில்லை என்று இருக்கிறது. ஜானகி மேடம் அந்தப் பத்தியை எனக்குக் கன்னடத்தில் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். நான் அந்த அறையில் இருந்தேன். நீங்கள் உணர்ச்சியே இல்லாமல் பேசினீர்கள். அதை எழுதிய ஜட்ஜும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அப்பீலுக்குப் போகிறோம். வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார்கள்.

அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வாடகை வண்டி. முந்தாநாள் என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்று ஒரு விஷயம் சொன்னார். நீங்கள் சாட்சி சொன்ன மறுவாரமே அந்த பிரஸ்ஸைத் தார்ப்பாய் போட்டு மூடி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். பழைய இரும்புக்குப் போடவில்லை, ஓசூர்ப் பக்கம் ஏதோ ஷெட்டுக்கு விற்றிருக்கிறார்கள். குடோனில் அவரோடு வேலை செய்தவர் சொன்னது. "எந்த ஷெட்னு தெரியல. தேடினா கிடைக்கும்" என்றார். எனக்குச் சொல்வதற்காகவே வந்திருக்கிறார். உள்ளே வா என்றேன், வரவில்லை.

அதாவது, அது ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ஸார் இல்லாமல்தான் ஓடும். கழற்றிய வயரை விற்கும்போது யாரும் மாட்டித் தரமாட்டார்கள். அதன் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்.

நான் போய்த் தேடலாம் என்றிருக்கிறேன். ஷிப்ட் விடும் நேரத்தில் ஒவ்வொரு கேட்டாக நின்று கேட்க வேண்டும், டிபன் பாக்ஸ் மூடி அடிக்கிற பழைய பிரஸ் உங்கள் ஷெட்டுக்கு வந்திருக்கிறதா என்று. மிஷின் கிடைத்தால் அப்பீலுக்கும் உதவும் என்று ஜானகி மேடம் சொல்கிறார். ஆனால் நான் தனியாக நின்றால் யாரும் நிற்பதில்லை. வெண்ணிலா நிற்கவில்லை. செக்யூரிட்டியைப் பார்த்துப் பயந்து ஓடுகிறார்கள்.

உங்களைப் பார்த்தால் நிற்பார்கள். தமிழ்ப் பெண்கள், கன்னடப் பெண்கள் எல்லோருக்கும் உங்கள் முகம் தெரியும். சீரியலில் செத்துவிட்ட அம்மா கேட்டில் நிற்கிறார் என்று சுற்றிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நான் கேட்டுவிடுவேன். செக்யூரிட்டியும் செல்ஃபி எடுக்க வருவார்.

உங்கள் முகத்தைக் காட்டி ஆள் சேர்க்கிற வேலை இது. பாட்டுக் கிடையாது, நாற்காலி கிடையாது, வெயில். உங்கள் முட்டியும் நிற்க விடாது, தெரியும். அதனால்தான் முன்கூட்டிக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை வெண்ணிலாவை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போகிறேன். காலையில் அவளைக் கூட்டிப் போக நான் உங்கள் வீட்டுக்கு வரும்போது பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லலாம். கோபப்பட மாட்டேன்.

சங்கமித்ரா